இரண்டு டின் உப்புத் தண்ணீர்

கல்லுப்பாலத் தோட்டத்தில் மீனுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்த ஆள் லோரி டிரைவர் செபாஸ்டியன் ஒருவர்தான். அதை வைத்து அவரை நாங்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. திருவிழா நாடகத்தில் மூஞ்சியில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு வருவானே பபூன், அவனைப் போலவே செம்மஞ்சள் உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக இருந்ததால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் அந்த மீனுக்கு பபூன் மீன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். செபாஸ்டியனுக்கு அந்தப் பேரில் சம்மதமில்லை. "பபூனுக்கு இம்புட்டு ரோஷம் இருக்குமா? ஒரு நாளு வந்து பக்கத்துல நின்னு பாருங்க லா" என்பார்.

ரெம்பியாவைத் தாண்டி உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் சீட்டுகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் மலாக்கா டவுனுக்குப் போய் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. டாருராட் காலத்தில் அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. அவசரகாலத்தை மலாய்க்காரர்கள் டாருராட் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் நடுரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு லோரியைக் கொளுத்துவார்கள். அவர்களுக்குத் தப்பி வந்தால் போலீஸ்காரன் நிறுத்தி, வழியில் காட்டுக்காரனுக்கு என்ன கொடுத்தாய் என்று குடைவான். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே லோரி ஓட்டிப்போய்ச் சரக்கை இறக்கியதும் அவர் நேரே போகிற இடம் கடலோரத்துப் போர்த்துகீஸ் கம்பம், அதாவது கிராமம். அங்கே அலோசு என்று ஒரு வலைக்காரர் இருந்தார். மாதாகோயில் பூசையில் பக்கத்தில் பக்கத்தில் முட்டிபோட்டு ஏற்பட்ட பழக்கம். ஒரு நாள் அந்த அலோசு, புலாவ் பெசார் தீவுப் பக்கம் வலையில் வந்ததென்று இரண்டு பபூன் மீனைத் தகரத்தில் போட்டுக் கொடுத்தார். அங்கே பிடித்தது செபாஸ்டியனுக்குப் பைத்தியம்.

தொட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தது. சின்னத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவில் போட்டுவிட்டுப் போன சாமான்களில், இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று. நாற்காலியையும் அலமாரியையும் ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போக, இவர் தொட்டியைக் கேட்டார். "அரிசி கொட்டி வைக்கவாய்யா?" என்று சிரித்தார் கிராணி ரங்கசாமி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை.

கடல் மீனுக்குத் தண்ணீரில் ஓயாமல் காற்று ஓட வேண்டும். கரண்டு இல்லாத லயத்தில் அதற்கு என்ன செய்வது? லோரி டயரின் பழைய டியூபில் காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையில் மூங்கில் சிம்பை அடைத்துத் தொட்டிக்குள் விட்டார். டியூபின்மேல் ஒரு பலகை, பலகையின்மேல் வீட்டு அம்மி. அந்தப் பாரத்துக்குக் காற்று பொடிப்பொடியாகக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். "மொளகா அரைக்கணும்னா அடுத்த வீட்டு அம்மிக்கு ஓட வேண்டியிருக்கு. மீனு வந்து என் சமையலையே கெடுத்துச்சு" என்று அவர் பெண்டாட்டி அக்னஸ் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லிக்கொண்டே பம்பை எடுத்து டியூபுக்குக் காற்றடிப்பதும் அவள்தான்.

அக்னஸ் புருஷனைவிட ஒரு சாண் உயரம், வயசிலும் மூத்தவள். ஜப்பான்காரன் சயாமில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் அவளுடைய முதல் புருஷனும் போனான், திரும்பவில்லை. அதே சயாமிலிருந்து செபாஸ்டியன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது அவருடைய பெண்டாட்டி மண்ணுக்குள் போயிருந்தாள். பங்குச் சாமியார்தான் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவைத்தார். பிள்ளை குட்டி இல்லை. அவள் ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற மரம் வெட்டுக்குப் போனாள், அவர் லோரி ஓட்டினார், சாயங்காலம் இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

முதலில் கொண்டுவந்த இரண்டு மீனும் ஒரே அளவு. கூட இருக்கட்டும் என்று ஒன்றாகப் போட்டதில், விடிவதற்குள் ஒன்று மற்றதைக் கடித்துக் குதறி, துடுப்பெல்லாம் கிழிந்து மிதக்கவிட்டிருந்தது. அடுத்த வாரம் அலோசு அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பெரிசும் பெரிசும் சேர்ந்தால் கொல்லும், ஜோடி சேர்க்கணும் என்றால் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று போடணும், இந்த மீனில் பெரிசுதான் பொம்பளை என்று மலாயில் சொல்லிக்கொடுத்தார்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்த அன்று செபாஸ்டியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலிலிருந்தே கத்தினார்.

"அக்னீசு! இந்த மீனுல பொம்பளைதான் பெருசாம். ஆம்பளை சின்னதாம். நம்ம வூடு மாதிரியேதான்!"

"மெதுவாப் பேசுங்க டிரைவரே. ஊரு ஏற்கனவே சிரிக்குது."

பக்கத்து வீட்டு மங்களம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "அப்ப அடிக்கிறதும் பெருசுதானாண்ணே?" என்றாள். லயமே சிரித்தது.

புதிதாகக் கொண்டுவந்த குட்டி மீனை உடனே தொட்டியில் விடவில்லை. வாய் அகன்ற கண்ணாடிப் புட்டியில் போட்டு, கொசுவலைத் துணியால் வாயைக் கட்டி, புட்டியோடு தொட்டிக்குள் தொங்கவிட்டார். ஒன்றை ஒன்று பார்த்துப் பழகட்டும் என்று அலோசு சொன்ன யோசனை. பெரிசு வந்து புட்டியை முட்டும், கடிக்கப் பாயும், கண்ணாடியில் மூக்கு இடிபட்டுத் திரும்பும். நாளாக ஆக முட்டுவது குறைந்தது. பிறகு ராத்திரி புட்டியோரமாகவே வந்து படுக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செபாஸ்டியன் சிலுவை போட்டுக்கொண்டு துணியை அவிழ்த்தார். பெரிசு விரட்டியது. சின்னது தொட்டி மூலையில் போய் ஒருக்களித்துக்கொண்டு உடம்பெல்லாம் வெடவெடவென்று உதறியது.

"ஐயையோ, ஜன்னி கண்ட மாதிரி நடுங்குது. எடுத்துடுங்க!" என்று அக்னஸ் அதை மொண்டு எடுக்கப் புட்டியைத் தூக்கிவிட்டாள்.

"எடுக்காதே. அது பயமில்ல. 'நீ பெரியவ, நீ சொல்றபடி இருந்துக்கிறேன்'னு சொல்லுது. அப்படி நடுங்குனா ஜோடி சேந்துருச்சுன்னு அர்த்தமாம்."

"நீங்க ஒரு நாளாவது என்கிட்ட இப்படி நடுங்கியிருக்கீங்களா?"

"லோரிய எடுக்குறப்ப வாராவாரம் நடுங்குறேன் லா. நீ பாக்குறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கலக்க உள்ளே போனாள்.

ஜோடி சேர்ந்த மீன்கள் சேர்ந்தே தின்றன, கவிழ்த்துப் போட்ட மண்சட்டிக்கடியில் சேர்ந்தே படுத்தன. சில மாதம் போய் அந்தச் சட்டியின் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிசு முட்டையைப் போட்டுவிட்டுத் தன்பாட்டுக்குச் சுற்ற, சின்னதுதான் பக்கத்தைவிட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டு கிடந்தது. குஞ்சுகள் பொரித்த மறுநாளே ஒன்றில்லாமல் போய்விட்டன. தூசிபோல இருந்தவற்றுக்கு என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. "அடுத்த தடவ பாக்கலாம்" என்றார் செபாஸ்டியன். அந்த ஒரு ராத்திரி மட்டும் அவர் சாப்பிடவில்லை.

பிறகு தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் காலி பண்ணி, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கம்பிக்குள் அடைத்தார்கள். ஒரே கேட்டு, அதில் துப்பாக்கியோடு காவல். அரிசி, சீனி, உப்பு, மருந்து எதுவும் வேலிக்கு வெளியே போகக் கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். உப்பில்லாமல் காட்டில் மனுஷன் நாள் தள்ள முடியாது என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்துச் சொன்னானோ, அரிசியைவிட உப்பைத்தான் கறாராகத் தேடினார்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகிற பெண்களை நிறுத்தி, கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், உளியைத் துடைக்கிற துணியை உதறிப் பார்த்தார்கள். ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு போக வழியில்லை. வெறும் வயிற்றோடு நிரை முழுதும் வெட்டி, பால் எடுத்து, வெயில் ஏறித் திரும்பிவந்து சாப்பிட வேண்டும்.

தொட்டியும் லோரியேறிக் கம்பிக்குள் வந்தது. புது லயத்தில் வீட்டுக்கு வீடு கையகல இடந்தான். வாராவாரம் செபாஸ்டியன் இரண்டு மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். பழைய தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுவார்கள். மொண்டு எடுத்த தண்ணீரை வாசலில் கொட்டப்போக, மங்களத்தின் கீரைப்பாத்தி கருகிப்போயிற்று. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மங்களம் அன்று சாமி வந்தவள் மாதிரி ஆடினாள்.

"உன் மீனு வாழணும்னா என் கீரை சாவணுமாக்கா? ரேஷன் அரிசிக்குத் தொட்டுக்க வேற என்ன இருக்கு இங்க? கடல்ல கெடந்ததக் கொண்டாந்து கம்பிக்குள்ள வெச்சுக்கிட்டு!"

"கொட்டுனது தப்புத்தான் மங்களம். இனிமே கம்பிக்கு வெளிய கொண்டுபோய் ஊத்திடறேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பழைய தண்ணீரை இரண்டு டின்னில் நிரப்பிக் தோளில் போடுகிற காண்டாக்கம்பில் தொங்கவிட்டு, அக்னஸ் கேட்டைத் தாண்டிப் போய், பால்மரம் தொடங்குகிற ஓரத்தில் கொட்டிவிட்டு வருவாள். கேட்டில் நின்ற மலாய்க் காவல்காரர்கள் அக்கம்பக்கத்துக் கம்பத்துக்காரர்கள்தான். வீட்டுக்குள் வந்து மீனைப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு 'மாக் ஈக்கான்', மீனம்மா, என்று பேரே வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அது மீன் தண்ணீர், அவ்வளவுதான்.

மழையே காணாத மாசி மாதத்தில் கேட்டுக் காவல் மாறியது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துரையைச் சுட்டுவிட்டார்கள் என்று வெளியூரிலிருந்து ஒரு போலீஸ் கூட்டம் வந்து இறங்கியது. அவர்களில் ஒரு கார்ப்பரல் அக்னஸை நிறுத்தினான்.

"ஆயர் அப்பா இனி?" இது என்ன தண்ணீர் என்று கேட்கிறான்.

கடலுக்கு மலாயில் 'லாவுத்' என்று அக்னஸுக்குத் தெரியாதா? பிறந்ததே இந்த மண்ணில், நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் அந்தத் தண்ணீருக்குப் பேர் உப்புத் தண்ணி. 'உப்புத் தண்ணி வந்துருச்சா', 'உப்புத் தண்ணிய மாத்தியாச்சா' என்று வருஷக்கணக்காக வாயில் ஊறிப்போன பேர். துப்பாக்கியைக் கண்ட படபடப்பில் அதையே அப்படியே மலாயாக்கி, ஐயா என்பதற்கு இஞ்சே போட்டுச் சொன்னாள்.

"ஆயர் காராம், இஞ்சே."

ஆயர் லாவுத் என்றிருந்தால் கடல் தண்ணீர். ஆயர் காராம் என்றால் மலாய்க்காரனுக்கு உப்பைக் கரைத்த தண்ணீர். கார்ப்பரல் டின்னில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "காராம்!" என்று கத்தித் துப்பினான். வழக்கமாக எங்கே கொட்டுவாள் என்று காட்டச் சொன்னான். அவள் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பால்மரத்து வேரோரம் மண்ணெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து பூத்திருந்தது. ஓட்டை விழுந்ததென்று அவள் என்றோ விட்டெறிந்த பழைய டின் ஒன்று பக்கத்தில் கிடந்தது. அவர்களுக்குக் கதை முழுசாகக் கிடைத்துவிட்டது. புருஷன் டவுனிலிருந்து உப்பைத் தண்ணீராகக் கரைத்துக் கொண்டுவருகிறான், பெண்டாட்டி வெளியே கொண்டுபோய் வைக்கிறாள், காட்டுக்காரன் வந்து டின்னில் எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சுகிறான்.

"மீனுக்கு, ஈக்கான், ஈக்கான்" என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. மீனுக்காக எவனாவது கடலைத் தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்கு வருவானா?

சாயங்காலம் லோரி வந்தது. பின்னால் இரண்டு டின் கடல் தண்ணீர். கேட்டில் செபாஸ்டியன் இறங்கியதும், அக்னஸ் மண்ணில் உட்கார வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி கொண்டாந்தது நானு. வெளிய கொட்டச் சொன்னதும் நானு."

அவளை மீட்க அவர் சொன்னது அது. அவர்கள் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அவளை விட்டுவிட்டு அவர் கையில் விலங்கு போட்டார்கள். கொண்டுவந்த இரண்டு டின்னையும் ரோட்டில் கவிழ்த்தார்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் திரும்பி, "டியூப்புல காத்து பாத்துக்க அக்னீசு" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கிராணி ரங்கசாமி நல்ல மனுஷன். அவர்தான் இங்கிலீஷில் மனு எழுதி மேலே அனுப்பினார். பதில் வந்ததும் வீட்டு வாசலில் நின்று விவரம் சொன்னார்.

"அக்னஸம்மா, விசாரிக்க ஒரு வெள்ளைக்காரத் துரைய நேர்ல அனுப்புறாங்களாம். எப்பன்னு சொல்லல. அவரு வர்றப்ப மீனு உசிரோட நீந்திக்கிட்டு இருக்கணும். அதான் உங்களுக்குச் சாட்சி."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்த மீனக் காட்டுனா கருவாடும்பாங்க. உசிரோட இருந்தாத்தான் இந்தக் கதை நிக்கும்."

அன்றிலிருந்து அக்னஸுக்கு அந்த இரண்டு மீனும் இரண்டு பபூன் இல்லை, புருஷனுடைய உயிர். ஆனால் கடல் தண்ணீர் இனி ஒரு சொட்டுக்கூடக் கம்பிக்குள் வரக் கூடாதென்று உத்தரவு. அலோசு மனசு கேட்காமல் பஸ் பிடித்து, ஒரு புட்டியில் கடல் தண்ணீரும் ஒரு இலைப் பொட்டலத்தில் காய்ந்த பொடி இறாலுமாக வந்தார். கேட்டில் இறாலை உள்ளே விட்டார்கள். புட்டியை வாங்கிக் கண்ணெதிரே கொட்டினார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு அந்த மனுஷன் போர்த்துகீஸில் திட்டித் தீர்த்தது எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் கேட்க ஆறுதலாக இருந்தது.

தொட்டித் தண்ணீர் வற்றியது, கலங்கியது, நாற்றமெடுத்தது. இரவில் டியூபில் காற்று இறங்காமல் இருக்க அவள் இரண்டு தடவை எழுந்து பம்ப் அடித்தாள். காலையில் மரம் வெட்டப் போனால் தூக்கக் கலக்கத்தில் உளி ஆழ இறங்கி மரத்தில் காயம் பட, கங்காணி வைதான். கடைசியில் ரேஷனில் கொடுக்கிற கல்லுப்பைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, நாக்கில் வைத்து வைத்துப் பார்த்து, கொஞ்சங்கொஞ்சமாகத் தொட்டியில் சேர்த்தாள். அவளுக்குக் கொடுக்கிற உப்பு எத்தனை நாளைக்கு வரும்? ஒரு மத்தியானம் மங்களம் மடியில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாக்கா, பிடி. எங்க வீட்டு உப்பு."

"உன் புள்ளைங்களுக்கு மங்களம்?"

"உப்பில்லாமத் தின்னா செத்தாப் போயிடும்? என் வாய வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருந்தா, நீ வாசல்லயே ஊத்தியிருப்ப. அண்ணனும் இங்கேயே இருந்திருக்கும்." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"கீரை கருகுனா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. நீ காராம்னு சொல்லல. நாந்தான் சொன்னேன்" என்றாள் அக்னஸ்.

மங்களத்தைப் பார்த்து மற்ற வீடுகளும் கொடுத்தன. எங்கள் லயத்தில் அப்போது எல்லார் வீட்டுக் குழம்பும் சப்பென்றுதான் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டில் இத்தனை உப்பு சேர்ந்தது தெரிந்தால் அவளையும் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு தடவை அவரை அடைத்து வைத்திருந்த கேம்பில் போய்ப் பார்க்க அவளை அனுமதித்தார்கள். கிராணி துணைக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்ற செபாஸ்டியன் சயாமிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி ஆகியிருந்தார். கேட்ட முதல் கேள்வி:

"பெருசு தின்னுதா?"

"தின்னுது."

"சின்னது?"

"அதுவுந்தான். நீங்க தின்னீங்களா?"

"இங்க இருக்கிறவங்கள இந்தியாவுக்கு அனுப்புறதாப் பேசிக்கிறாங்க அக்னீசு" என்றார்.

"உங்களுக்கு அங்க யாரு இருக்கா?"

"யாரு இருக்கா... கைப்புள்ளயா வந்தவன் நானு. திண்டுக்கல்லுப் பக்கம்னு அப்பன் சொல்லுவான். அதுல எந்த ஊருன்னு சொல்லாமயே செத்துட்டான். நாகப்பட்டணத்துல எறக்கிவிட்டா நான் எந்தப் பக்கம் நடக்கிறது?"

"அனுப்பமாட்டாங்க. துரை வந்து மீனப் பாக்கப் போறாரு. பாத்ததும் வுட்டுருவாங்க. கிராணியாரு சொல்லியிருக்காரு." அவள் கம்பிக்குள் விரலை விட்டாள். அவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவல்காரன் வந்து பிரிக்கும்வரை விடவில்லை.

அவள் சொன்னதில் ஒன்று பொய். பெரிசு அப்போதே தின்பதை நிறுத்தியிருந்தது. திரும்பி வந்த அந்த வாரமே அது சட்டிக்கடியில் சாய்ந்துவிட்டது. அக்னஸ் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை செத்த தாய் மாதிரி வாய்விட்டு அழுதாள். மீனுக்காகவும் அழுதாள், அவருக்காகவும் அழுதாள், சயாமுக்குப் போனவனுக்காக அந்தக் காலத்தில் அழாமல் விட்டதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். மங்களம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னது மட்டும் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இருக்கிற இந்த ஒன்றையாவது துரை வரும்வரை காப்பாற்றணும். அக்னஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உப்பைக் கரைக்க உட்கார்ந்தாள்.

துரை வந்தது நல்ல மழை நாளில். மழையில் மரம் வெட்டு இல்லாததால் லயமே வாசலில் கூடிவிட்டது. நெட்டையான வெள்ளைக்காரர், வயசு அதிகமில்லை, கூட ஒரு உதவியாளர், கையில் பைல். கிராணி ரங்கசாமி குடைபிடித்துக் கூட்டிவந்தார். துரை குனிந்து, முழங்காலில் கை ஊன்றித் தொட்டியைப் பார்த்தார். சின்னது சட்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நீட்டிய அவர் விரலைக் கடிக்கப் பாய்ந்தது. துரை வாய்விட்டுச் சிரித்தார். குமிழ் எங்கிருந்து வருகிறது என்று குழாயைத் தொடர்ந்து போய், டியூபையும் பலகையையும் அம்மியையும் பார்த்துத் தலையை ஆட்டினார். தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கிராணியிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். கிராணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்புறாரு அக்னஸம்மா! மீனுக்குத்தான் தண்ணின்னு நம்புறாரு. பெரிய தப்பு நடந்துபோச்சுங்கிறாரு."

அக்னஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் நின்றவர்கள் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மங்களம், "மாதாவே, மாரியாத்தா" என்று இரண்டு சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

"எப்ப வுடுவாங்கன்னு கேளுங்க கிராணியாரே."

கிராணி கேட்டார். துரை உதவியாளரிடம் கைநீட்ட, அவன் பைலைப் பிரித்துக் காட்டினான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு துரை தொட்டியைப் பார்த்துக்கொண்டே கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"இனிமே நீங்க கடல் தண்ணி கொண்டாரலாமாம். கேட்டுல தடுக்கமாட்டாங்களாம்."

"சரி. அப்புறம்?"

"மீனு ஒத்தையா இருக்குதே... இன்னொண்ணு பிடிச்சாந்து ஜோடி சேத்துவிடச் சொல்றாரு."

"நான் மீனக் கேக்கல கிராணியாரே. அவரக் கேட்டேன்."

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கப்பல் ஏத்திட்டாங்கம்மா. போன வாரமே அந்தக் கேம்புல இருந்தவங்கள எல்லாம் மொத்தமா ஏத்தி அனுப்பிட்டாங்களாம். ஏத்துனவங்கள மறுபடி உள்ள வுடமாட்டாங்களாம். இவருக்கே இப்பத்தான் தெரியுதாம்."

அக்னஸ் தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய உருவம் அப்படிச் சிறுத்துப்போய் நாங்கள் பார்த்ததில்லை. யாராவது போய்ப் பிடிக்கணும் என்று தோன்றியது. அதற்குள் அவளே நிமிர்ந்தாள்.

"அப்ப என்னையும் அனுப்பச் சொல்லுங்க."

"அக்னஸம்மா..."

"தண்ணிய வெளிய தூக்கிட்டுப் போனது நானு. காராம்னு சொன்னது நானு. குத்தம் என்னுது. அவருக்குப் போட்ட ஆர்டர எனக்கும் போட்டு அடுத்த கப்பல்ல ஏத்தச் சொல்லுங்க. அவரு அந்தக் கரையில எந்தப் பக்கமும் தெரியாம நிப்பாரு. சொல்லுங்க கிராணியாரே, நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

கிராணி சொன்னார். அவருடைய இங்கிலீஷ் அன்று தடுக்கித் தடுக்கி வந்தது. துரை முழுசும் கேட்டுவிட்டு, அக்னஸின் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் பேசியது அன்பாகத்தான் இருந்தது.

"முடியாதாம்மா" என்றார் கிராணி. "குத்தம் செஞ்சவங்களத்தான் அனுப்ப முடியுமாம். உங்க மேல ஒரு குத்தமும் இல்லன்னு இப்பத்தான் எழுதிட்டாராம்."